வெள்ளத்துக்கு முந்திய குப்பி

ஸ்டாக்ஹோம்
14 ஜனவரி 1967

நெவென்காவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் மறுபடியும் வக்கீல் விஷயமோ என்று நினைத்திருப்பாய். இல்லை. விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வந்தது, படித்தேன், பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. இது எலி விஷயம்.

நீ அனுப்பிய சீரமும் எலிகளும் நல்லபடியாக வந்து சேர்ந்தன. எலிகளைத் தனி அறையில் வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் எலி எதையும் இங்கே உடனே உள்ளே சேர்க்கமாட்டார்கள், தவறாக எடுத்துக்கொள்ளாதே.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் எலிகளின் புற்றுச் செல்மேல் உன் சீரத்தை விட்டுச் சாயம் ஏற்றினால், இருட்டறையில் செல்லைச் சுற்றிப் பச்சை வளையம் அழகாக எரிகிறது. நாம் கட்டுரையில் எழுதியபடியேதான். நாம் அங்கே புற்றை உண்டாக்கப் போட்ட அதே வைரஸால் இங்கே எங்கள் எலிகளுக்கு வந்த ரத்தப் புற்றை எடுத்து அதே சீரத்தை விட்டால் ஒன்றுமே இல்லை. வளையமும் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. மூன்று தடவை செய்தாயிற்று.

நமக்கு முதலில் வைரஸ் கொடுத்ததே இந்த லேப்தான். அந்த வைரஸ் எந்தச் செல்லைப் புற்றாக்கினாலும் அதன் மேற்பரப்பில் உன் சீரம் பிடிக்கும் ஒரே ஆன்டிஜென், ஒரே அடையாளம் இருக்கும், ஆரோக்கியமான செல்லில் அது இருக்காது என்று நாம் இரண்டு பேரும் பெயர் போட்டு எழுதியிருக்கிறோம். அப்படியானால் இங்கே ஏன் இல்லை? எனக்குப் புரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

இங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. காபி குடித்தால் வயிறு எரிகிறது. காபி காய்ச்சும் ஜெஸ்வாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

பெரிஸ்லாவ்


ஜாக்ரெப்
30 ஜனவரி 1967

பெரோ,

மூன்று தடவை செய்தாயிற்று என்கிறாய். மூன்று தடவையும் நீயா செய்தாய்? ஒரே காரியத்தை மூன்றாம் தடவை செய்ய உனக்கு எப்போது பொறுமை வந்தது? அப்படி வந்திருந்தால் நாம் இன்னும் ஒரே வீட்டில் இருந்திருப்போம்.

அந்த ஜெஸ்வா என் அம்மாவுடையது. கவிழ்த்து வைப்பதற்குத்தான் அத்தனை தூரம் தூக்கிக்கொண்டு போனாயா?

உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வைரஸ் அங்கே எத்தனையோ எலிகள் வழியாகப் போய் மாறியிருக்கும். உங்கள் எலியும் வேறு. நம் எலிகளை அண்ணனும் தங்கையுமாய்ச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக ஒரே ரத்தமாக வளர்த்தவள் நான். அதைத் தனி அறையில் வைத்தார்களாம். சொறிநாயா அது?

இங்கே நிலைமை என்னவென்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள். டைரக்டர் குஷ்லானுக்கு நம் எலிக்கூடத்தின்மேல் கண். தரைத்தளம் முழுவதையும் காலி செய்து ஏதோ கருவி வைக்கப்போகிறாராம். போன வாரம் வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உன் எலிக்குத் தீனி போட்டே நிலையம் ஏழையாகுது, நெவென்கா. அந்தப் பச்சை வளையம் மட்டும் இல்லேன்னா மேல கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அவர் போனதும், கூண்டு கழுவிக்கொண்டிருந்த ஷ்டெஃபிட்சா சொன்னாள்: "டைரக்டரையும் பத்து நாள் கூண்டுல போட்டுப் பாக்கலாம் டாக்டர். யாரு நெறையத் திங்கறாங்கன்னு தெரிஞ்சிடும்."

சிரித்தேன். ஆனால் விஷயம் அதுதான். வளையம் இருக்கும்வரை எலிக்கூடம் இருக்கும். வளையம் போனால் கூடம் போகும், என் இத்தனை வருஷ எலிகள் போகும், ஷ்டெஃபிட்சா வேலைக்கு வேறு இடம் தேட வேண்டும். புற்றுச் செல்லுக்கென்று ஒரு அடையாளம் இருந்தால் உடம்பே அதைக் கண்டுபிடித்து விரட்டப் பழகும் என்று நாம் பேசினோமே, அந்தப் பேச்சும் போகும்.

முதல் வளையத்தைப் பார்த்தது நான். கட்டுரையில் உன் பெயர் முதலில். நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

நெவென்கா


ஸ்டாக்ஹோம்
19 பிப்ரவரி 1967

நெவென்காவுக்கு,

நீ கேட்டது சரி. நான் பார்க்கவில்லை, கெர்ஸ்டின் என்ற பெண் பார்த்தாள். இங்கே முறை அது. கண்ணாடித் தகட்டில் வெறும் எண் இருக்கும். எது யாருடைய செல் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. நானே பார்த்திருந்தால் எங்கேயாவது ஒரு வளையத்தைப் பார்த்திருப்பேன். எனக்கும் அது வேண்டியிருக்கிறது, நெவா. நான் யார் என்று இந்த ஊரில் யாராவது கேட்டால் சொல்வதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். கோபப்படாமல் படி. நம் எலிக்கூடத்தில் இன்னொரு வைரஸ் சத்தமில்லாமல் குடியிருக்கலாம். எலிக்கு ஒரு கெடுதலும் செய்யாது. டிக்கெட் வாங்காமல் டிராமில் ஏறியவன் மாதிரி ஓரமாக நிற்கும். புற்றுச் செல் கிடைத்தால் அதற்குள் தொற்றிக்கொண்டு நன்றாகப் பெருகும். நாம் செல்லின் மேற்பரப்பில் பார்ப்பது புற்று வைரஸின் அடையாளமே இல்லை, இந்த ஓசிப் பயணியின் அடையாளம். உன் சீரம் பிடிப்பதும் அதைத்தான். அதனால்தான் உன் வீட்டில் எல்லாம் எரிகிறது, என் வீட்டில் ஒன்றும் எரியவில்லை. நாம் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

இதைத் தீர்த்துவிட வழி இருக்கிறது. 1964 கோடையில் நம் எலியின் புற்றுச் செல்லைக் குப்பியில் அடைத்து இந்த லேபுக்கு அனுப்பினோமே, அது இன்னும் இங்கே திரவ நைட்ரஜனில் உறைந்து கிடக்கிறது. சீட்டில் உன் எழுத்து. நம் எலி, நம் வைரஸ், நம் கை. வளையத்தை நாம் முதலில் பார்த்தது அறுபத்தைந்து வசந்தத்தில்தான். குப்பியில் இருக்கும் செல் எரிந்தால் அந்த அடையாளம் முதலிலிருந்தே இருந்தது என்று ஆகும், நான் வாயை மூடிக்கொள்கிறேன். எரியவில்லை என்றால், இடையில் ஏதோ உள்ளே நுழைந்திருக்கிறது.

ஒரே குப்பிதான். உடைத்தால் உடைத்ததுதான். உன்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

பெரோ


ஜாக்ரெப்
4 மார்ச் 1967

உடைக்காதே.

அதில் பாதி என்னுடையது. வீட்டைப் பிரித்தோம், புத்தகங்களைப் பிரித்தோம், உன் அண்ணன் கொடுத்த ரேடியோவைக்கூடப் பிரித்தோம். அந்தக் குப்பி யாருடைய பங்கிலும் வரவில்லை. உன் கேள்விக்கு வேறு வழியில் பதில் தேடு. ஓசிப் பயணியாம். உனக்கு எப்போதும் ஒரு கதை கிடைத்துவிடும்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, பெரோ. மார்ச் மாதத்தில்கூட ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. எலிகளுக்காகக் கூடத்தில் அடுப்பு வைத்துக்கொண்டு நானும் அங்கேயே சாப்பிடுகிறேன்.

நெ.


ஜாக்ரெப்
11 ஏப்ரல் 1967

பெரோ,

நீ பதில் போடவில்லை. நல்லது. இந்தக் கடிதத்துக்கும் போட வேண்டாம், செய்தால் போதும்.

போன திங்கட்கிழமை ஷ்டெஃபிட்சா ஒரு கிழட்டுப் பெண் எலியைக் கொண்டுவந்தாள். குட்டி போட்டுப் போட்டு ஓய்ந்துபோன எலி. "டாக்டர், இவளுக்கு மாருல கட்டி. தூக்கிப் போட்டுடவா?" என்றாள். அந்த எலிக்கு நாம் வைரஸ் போட்டதே இல்லை. ஊசியே பார்க்காத எலி. வயதான பெண் எலிகளுக்கு இப்படிக் கட்டி வருவதுண்டு, அதற்கும் நம் ரத்தப் புற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தூக்கிப் போடச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. உன் கடிதம் மேஜைமேல் இருந்தது, எரிச்சல். உன்னைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்றுதான் அந்தக் கட்டியை வெட்டிச் செல்லைப் பிரித்து நம் சீரத்தை விட்டேன்.

வளையம். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும், நம் கட்டுரையில் வந்த படத்தைவிட அழகாக.

நம் வைரஸே தொடாத கட்டியில் நம் வைரஸின் அடையாளம் எப்படி வரும்? விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். ஷ்டெஃபிட்சா கதவைத் தட்டி, "உள்ள தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

குப்பியை உடை.

நெவென்கா


ஸ்டாக்ஹோம்
21 மே 1967

நெவா,

உடைத்தேன். பாதி செல் செத்திருந்தது. உயிரோடு இருந்ததை எங்கள் எலிகளுக்குள் விட்டோம், பிடித்துக்கொண்டது. போன வாரம் அவற்றின் வயிறு வீங்கியது. செல்லை எடுத்தோம்.

தகடுகளுக்கு நான் எண் போட்டேன், கெர்ஸ்டின் பார்த்தாள். இந்த வருஷம் நீ அனுப்பிய எலிகளின் செல்: வளையம். எங்கள் செல்: இல்லை. குப்பியில் இருந்த செல்: இல்லை.

மறுபடியும் செய்யச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமல் செய்தாள். அதே பதில்தான்.

இதற்கு மேல் எழுதிப் பார்த்தேன், இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். 64 கோடைக்கும் 65 வசந்தத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. நீ என்ன முடிவு செய்தாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் சரி. இங்கே இதை யாரும் வெளியே சொல்லப்போவதில்லை.

பெரோ


ஜாக்ரெப்
8 ஜூன் 1967

பெரோ,

நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். வெள்ளம்.

64 அக்டோபரில் சாவா ஆறு ஊருக்குள் வந்ததே, அந்த நாள். தண்ணீர் முழங்காலைத் தாண்டியபோது கூண்டுகளைத் தலையில் வைத்து மாடிக்கு ஏற்றினோம். பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் அவர்களுடைய எலிகளோடு நம் வாசலில் வந்து நின்றார்கள். யார் கதவைத் திறந்தது என்று நான் யோசித்துப் பார்த்தேன், நீயா நானா என்று நினைவில்லை. இரண்டு பேரும்தான் இருக்கும். கூண்டு போதாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டோம். எல்லாம் வெள்ளை எலி. மூன்று நாள் ஒரே தட்டில் தின்றன, ஒரே தண்ணீரைக் குடித்தன. பிறகு காதுக் குறியைப் பார்த்து நம்முடையதைப் பிரித்து எடுத்தோம், ஒன்றுகூட மாறவில்லை என்று பெருமையாக இருந்தது. எலி மாறவில்லைதான். அதற்குள் வந்தது யாருக்குத் தெரியும்?

எனக்கு எது வலிக்கிறது தெரியுமா? நம் கல்யாணத்தில் நாம் சண்டையே போடாத நாள்கள் அந்த மூன்றும்தான். நனைந்த கால்சட்டையோடு நீ ரொட்டி வெட்டிக் கொடுத்தாய். அதை நினைத்துக்கொண்டுதான் பிறகு ஒரு வருஷம் உன்னோடு இருந்தேன். அந்த மூன்று நாளில்தான் எல்லாம் கெட்டது என்று இப்போது தெரிகிறது. பழைய பெரோவாக இருந்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஏதாவது எழுதியிருப்பான். நீ எழுதவில்லை. அதற்கு நன்றி.

சும்மா இருக்க முடியாது. நம் சீரத்தைக் கேட்டு மூன்று ஊரிலிருந்து எழுதியிருக்கிறார்கள். இதை நம்பி யாரோ ஒரு பெண் எங்கேயோ இருட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொள்வாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறோம் என்று குஷ்லானிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "நீயே கட்டி நீயே இடிக்கறியே. சும்மா இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"ஸ்டாக்ஹோமுக்குத் தெரியும்."

"அங்க உன் புருஷன்தானே இருக்கான்? பேசி முடிச்சுக்கோ."

"அவரு இப்ப என் புருஷன் இல்ல."

"ஓ, அதையும் திரும்ப வாங்கிட்டியா?" என்றார். பிறகு அவருக்கே வெட்கமாகி ஜன்னலைப் பார்த்தார். கடைசியில், "எலிக்கூடத்தைக் காலி பண்ணு. ஒரே ஒரு ரூம் தர்றேன், அடுத்த வசந்தம் வரைக்கும். அதுக்குள்ள சுத்தமான எலியில ஒரு சுத்தமான பதிலக் காட்டு. ஆமாவோ இல்லையோ, எனக்குக் கவலையில்ல. இந்த மாதிரி அசிங்கமா இருக்கக் கூடாது. காட்ட முடியலேன்னா அந்த ரூமும் போச்சு" என்றார்.

ஆக, எலிகளை மயக்கிக் கொல்லும் ஈதர் ஜாடி. முதல் நாள் ஷ்டெஃபிட்சா வரவில்லை. இரண்டாம் நாள் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து, "தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். பாதிக் கூடம் காலி. மற்றதில் சில ஜோடிகளை மட்டும் வைத்திருக்கிறேன்.

அந்த ஓசிப் பயணி தாய்ப்பாலில் இறங்குகிறான், வயிற்றிலிருக்கும் குட்டிக்குள் போவதில்லை என்று நினைக்கிறேன். பிரசவத்துக்கு முன்னாலேயே தாயின் வயிற்றைக் கிழித்துக் குட்டிகளை எடுத்து, ஒரு சொட்டுப் பால்கூடக் குடிக்கவிடாமல் சுத்தமான வேறொரு தாயிடம் விட்டால் நம் எலி வம்சம் பிழைக்கும். அதற்கு உங்கள் எலிகள் வேண்டும், சினையான இளம் பெண்கள், கூட ஆண்கள். உங்கள் வைரஸும் வேண்டும். எங்கள் எலியை நீ தனி அறையில் வைத்ததற்கு நான் கோபப்பட்டேன். இப்போது உங்கள் எலிக்கு நான் தனி அறை வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் குறிப்பை இதோடு வைத்திருக்கிறேன். நான்கே வரி. கண்டதாகச் சொன்ன மேற்பரப்பு ஆன்டிஜென் எங்கள் எலிகளில் இருந்த வேறொரு வைரஸுடையது, முடிவைத் திரும்பப் பெறுகிறோம், அவ்வளவுதான். ஒரு மாற்றம்: இதில் என் பெயர் முதலில். தப்பிலாவது நான் முன்னால் நிற்கிறேன்.

நெவென்கா


ஸ்டாக்ஹோம்
30 ஆகஸ்ட் 1967

நெவா,

குறிப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். என் பெயர் இரண்டாவதாக. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. முதலிலேயே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரிந்தே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விமானக் கம்பெனி எலிப் பெட்டியை ஏற்றமாட்டேன் என்கிறது. நானே ரயிலில் கொண்டுவருகிறேன். எல்லையில் கேட்டால் சர்க்கஸ்காரன் என்று சொல்லிக்கொள்கிறேன். பயப்படாதே, ஹோட்டலில் தங்கிக்கொள்வேன். எலிகளை உன் கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நீ வேண்டாம் என்றால் ஸ்டேஷனுக்கு ஷ்டெஃபிட்சாவை அனுப்பு.

இங்கே என்னைப் பற்றி என்ன சொல்வது என்று இனி யோசிக்க வேண்டும். குறிப்பைப் பற்றித் தெரிந்ததும் லேபில் இரண்டு பேர் என் தோளைத் தட்டினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இன்னும் ஸ்வீடிஷ் வரவில்லை.

வெள்ளத்தைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். ரொட்டி பழையது. வேறு இல்லை. நீ நன்றாக இருக்கிறது என்றாய்.

பெரோ


ஜாக்ரெப்
18 பிப்ரவரி 1968

பெரோ,

அந்த ஒரு அறை எங்களுக்குத்தான். இன்று காலை குஷ்லானைப் பார்த்தேன். "என்ன, வளையம் வந்துச்சா?" என்றார். வரவில்லை என்றேன். "அதுவா பதில்?" அதுதான் என்றேன். "இவ்வளவு சந்தோஷமா தோத்தவங்கள நான் பாத்ததில்ல. சரி, ரூம வெச்சுக்கோ. ஆனா வாசனைய வெளிய விடாதே" என்றார்.

முறையாகச் சொல்கிறேன். செப்டம்பரில் நீ வந்தபோது நான் வயிற்றைக் கிழித்து எடுத்துக் கொடுத்த குட்டிகளை நீ பஞ்சில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மூச்சு வரவைத்தாயே, அவற்றில் முக்கால்வாசி பிழைத்தன. நீ ரயில் ஏறிய பிறகுதான் உங்கள் தாய் எலிகள் அவற்றைத் தம் குட்டியாக ஏற்றுக்கொண்டன. ஷ்டெஃபிட்சா உங்கள் எலிகளின் படுக்கைத் தூளை எடுத்து ஒவ்வொரு குட்டியின்மேலும் பூசினாள். "இப்ப இதுங்களுக்கும் ஸ்வீடன் வாசன வந்துடுச்சு" என்றாள்.

பேச்சு அதிகம் இல்லை நமக்குள், அந்த இரண்டு நாளும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஜெஸ்வாவை அடுப்பின்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், சொல்லவும் இல்லை. மறுநாள் காலையில்தான் பார்த்தேன்.

அந்தக் குட்டிகள் வளர்ந்து போட்ட குட்டிகளுக்கு உங்கள் வைரஸைப் போட்டேன். பிறந்த அன்றே போட்டேன். இந்த மாதம் ரத்தப் புற்று வந்தது. நம் எலி, நம் ரத்தம், ஆனால் சுத்தமான வீடு. பழைய சீரத்தில் ஒரு புட்டி மிச்சம் வைத்திருந்தேன். விளக்கும் சாயமும் சரியா என்று பார்க்கப் பழைய கூடத்துச் செல்லில் முதலில் விட்டுப் பார்த்தேன். வளையம் எப்போதும்போல எரிந்தது. அடுத்தது புது எலிகளின் முறை. அந்த ஓசிப் பயணி மறுபடியும் உள்ளே வந்திருந்தால்? வாளியில் வந்திருக்கலாம், ஷ்டெஃபிட்சாவின் செருப்பில் வந்திருக்கலாம், என் கையிலேயே வந்திருக்கலாம். வந்திருந்தால் இதோடு முடிந்தது, இன்னொரு தடவை எல்லாவற்றையும் கொன்று முதலிலிருந்து தொடங்க என் உடம்பில் தெம்பில்லை.

நானே பார்க்க எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் ஊர் முறைப்படி புது எலிகளின் தகடுகளில் எண் மட்டும் எழுதினேன். எங்கள் ஊரில் கெர்ஸ்டின் இல்லை, அதனால் ஷ்டெஃபிட்சாவை உட்கார வைத்தேன். எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் தகட்டை மாற்றினாள். இரண்டாவதை மாற்றினாள். நாற்காலி கிறீச்சிட்டது. எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, எனக்காக வருத்தப்படுகிற குரலில் மெதுவாகச் சொன்னாள்: "ஒண்ணுமே தெரியல, டாக்டர். ஒரே இருட்டு. விளக்கு எரியுதான்னு கொஞ்சம் பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, பெரோ.

நெவா